கருப்பை வாய்ப் புற்றுநோய்: “நம் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை” என்பது சரியா?

வாசகர் கேள்வி, 09.06.2024

“கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுக்கலாம் என்கிறார்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனை இலவசம். அப்படியும் இந்தியாவில் ஆண்டுக்கு 75 ஆயிரம் பெண்களுக்கு மேல் இதில் இறக்கிறார்கள். கிராமத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லாததுதானே காரணம்? பிப்ரவரியில் ஒரு நடிகை தான் இந்த நோயில் இறந்துவிட்டதாகச் செய்தி பரப்பிவிட்டு, மறுநாள் ‘விழிப்புணர்வுக்காகச் செய்தேன்’ என்றாரே, எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. ஒரே நாளில் நோயின் பெயர் நாடெங்கும் தெரிந்துவிட்டது.”

10.06.2024

பெயர் தெரிந்தது, சரி. அதைக் கேட்டுவிட்டுப் பரிசோதனைக்கு வந்தேன் என்று எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் பார்ப்பதோடு, 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகமும் கருப்பை வாயும் பார்ப்பது என் வேலை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழ்நாட்டுக்கான இரண்டு எண்களைப் பாருங்கள். மருத்துவமனையில் நடக்கும் பிரசவம் 99.6 சதவீதம். 30 முதல் 49 வயதுக்குள், வாழ்நாளில் ஒரு தடவையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் 9.8 சதவீதம். இந்தியா முழுவதற்கும் இது 1.9தான்.

அந்த 99-ம் இந்த 9-ம் ஒரே ஊரில், ஒரே தெருவில் இருக்கும் பெண்கள். பிரசவத்துக்கு வரத் தெரிந்தவளுக்கு இதற்கு மட்டும் வரத் தெரியாமல் போகுமா? பிரசவம் என்றால் நாள் தள்ளிப்போன உடனே கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து பிக்மி எண், அதாவது அரசின் கர்ப்பிணிப் பதிவு எண், போட்டுவிடுவார். ஸ்கேனுக்கு வரவில்லை என்றால் போன் வரும். போனை எடுக்கவில்லை என்றால் ஆளே வரும். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணம் உண்டு, வலி வந்தால் 108 உண்டு. அவள் பெயர் யாரோ ஒருவருடைய பட்டியலில் இருக்கிறது.

இரண்டாவது குழந்தை பிறந்து கு.க. ஆபரேஷன் முடிந்ததும் அந்தப் பட்டியலிலிருந்து அவள் பெயர் போய்விடுகிறது. நம் மாநிலத்தில் அநேகமாக இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே இது முடிந்துவிடும். அதற்குப் பிறகு குழந்தைக்குத் தடுப்பூசி போட வருவாள், மாமியாருக்கு மாத்திரை வாங்க வருவாள். அவளுக்காக அவள் வருவது அபூர்வம். வா என்று யாரும் கூப்பிடுவதும் இல்லை. புற்றுநோய் மெல்ல உருவாகும் பத்துப் பதினைந்து வருடங்களும் சரியாக அங்கேதான் விழுகின்றன.

10.06.2024, இரவு

காலையில் எழுதியது கொஞ்சம் கோபமாக வந்துவிட்டது. ஆனால் கருத்து அதேதான். “விழிப்புணர்வு இல்லை” என்று சொல்லும்போது பழி அவள் மேல் போய்விடுகிறது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

13.06.2024

பரிசோதனை எப்படி இருக்கும், வலிக்குமா என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். இதை முழுவதும் சொல்கிறேன். போஸ்டரில் ரிப்பன் படம்தான் இருக்கும், உள்ளே என்ன நடக்கும் என்று இருக்காது.

மேஜையில் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஸ்பெகுலம் என்ற கருவியை மெதுவாக உள்ளே வைத்துத் திறந்தால் கர்ப்பப்பை வாய் தெரியும். கருவியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். பலர் உடம்பை இறுக்கிக்கொள்வது அந்தச் சில்லென்ற இரும்புக்குத்தான். பிறகு ஐந்து சதவீத அசிட்டிக் அமிலம், வினிகர் மாதிரிதான். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும்: 5 மில்லி அமிலம், 95 மில்லி தண்ணீர். பஞ்சில் தோய்த்துக் கர்ப்பப்பை வாயில் வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருப்பேன். அந்த ஒரு நிமிடத்தை அவசரப்படுத்தவே கூடாது. இளஞ்சிவப்பான இடத்தில், ஓரம் தெளிவாகத் தெரியும்படி கெட்டியான வெள்ளைத் திட்டு எழும்பினால் அதுதான் சந்தேகத்துக்குரியது. மங்கலாகப் பரவி உடனே மறையும் வெள்ளையை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. அடுத்து அயோடின் தடவுவோம். நல்ல செல்கள் கரும்பழுப்பாக மாறும். மாறிப்போன செல்கள் கடுகு மஞ்சளாக அப்படியே நிற்கும்.

அமிலம் வைத்துக் கண்ணால் பார்ப்பதைத்தான் வி.ஐ.ஏ. என்கிறோம். லேசாக எரியும். வலி என்று சொல்ல முடியாது. மாதவிலக்கு நாட்களில் மட்டும் வர வேண்டாம், அவ்வளவுதான்.

14.06.2024

ஒன்று விட்டுப்போனது. மேஜையில் படுத்ததும் பலர் கேட்கும் முதல் கேள்வி, “கத்தி வைப்பீங்களா சிஸ்டர்?” இல்லை. கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. இதை அறைக்கு வெளியே, செருப்பைக் கழற்றும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், பல சுகாதார நிலையங்களில் இதற்கென்று தனி அறை கிடையாது, பிரசவ அறை மேஜையில்தான் பார்ப்பார்கள். உள்ளே ஒரு பிரசவம் நடந்தால் அன்றைக்குப் பரிசோதனை நடக்காது. காலையிலிருந்து காத்திருந்தவளை நாளைக்கு வா என்று அனுப்பினால் அவள் நாளைக்கு வரமாட்டாள். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, மறைப்புத் திரை தரை வரைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். திரைக்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள் நடமாடுவது தெரிந்தால் எந்தப் பெண்ணுக்கும் உடம்பு தளராது.

19.06.2024

“படிக்காதவர்கள் வரமாட்டார்கள்” என்று கீழே தொடர்ந்து எழுதுகிறீர்கள். திண்டுக்கல் கதையைச் சொல்ல வேண்டியதுதான். நான் அந்தப் பக்கத்தில் பிறந்தவள், அதனால் இதில் எனக்குக் கூடுதல் அக்கறை உண்டு.

ஒட்டன்சத்திரத்தை ஒட்டி அம்பிளிக்கையில் கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையம் இருக்கிறது. அவர்களும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். டாக்டர் ரங்கசாமி சங்கரநாராயணன் தலைமை. 30 முதல் 59 வயதுப் பெண்கள். முருங்கை பறிப்பவர்கள், கூலிக்குப் போகிறவர்கள் நிறைந்த ஊர்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். நூற்றுக்கு 63 பேருக்கு மேல்! படித்தவர்கள் நிறைந்த நகரங்களிலும் இன்றைக்கு இந்த எண்ணிக்கை வருவதில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த எண். பரிசோதனையில் சந்தேகம் வந்தவர்கள் 3,088 பேர். அவர்களில் அடுத்த கட்டமான கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவியில் பெரிதாக்கிப் பார்ப்பது, பார்த்துக்கொண்டவர்கள் 3,052 பேர். ஏறக்குறைய எல்லோரும். எப்படி? அதே இடத்தில், அதே அமர்வில், பயிற்சி பெற்ற செவிலியர்களே கால்போஸ்கோபியும் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அங்கேயே குளிர் சிகிச்சையும் கொடுத்தார்கள், அதாவது மாறிப்போன செல்களை உறைய வைத்து அழிக்கும் கிரையோ. “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று சீட்டு எழுதவில்லை.

2007-ல் வெளியான முடிவு: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. செலவு வினிகர், பஞ்சு, ஒரு விளக்கு, நன்றாகப் பயிற்சி பெற்ற கண்கள்.

இன்றைக்கு எங்களிடம் சந்தேகம் வந்தால் என்ன நடக்கிறது? சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போன நாளில் கால்போஸ்கோபி இல்லை என்றால் திரும்ப ஒரு நாள். திசு எடுத்தால் ரிசல்ட்டுக்கு இன்னொரு நாள். சிகிச்சைக்கு மறுபடியும். ஒவ்வொரு நாளும் கூலி போகும், வீட்டில் கேள்வி வரும். முதல் பரிசோதனைக்கு வந்தவளிடம் விழிப்புணர்வு இருந்தது, அதனால்தான் வந்தாள். அவளை மூன்றாவது பஸ் நிறுத்தத்தில் தொலைத்தது நாம்.

20.06.2024

ஒரு வாசகர், “அப்படியென்றால் வினிகரே போதும், விலை கூடிய எச்.பி.வி. பரிசோதனை எதற்கு” என்கிறார். இந்த நோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது அது. அப்படி முடித்துவிட முடியாது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. அங்கே ஒரே ஒரு தடவை செய்த எச்.பி.வி. பரிசோதனை இறப்பைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தது. அதே ஆய்வில் வினிகர் முறையால் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை.

திண்டுக்கல்லில் பலித்தது அங்கே ஏன் பலிக்கவில்லை? என் அனுபவத்தில் வைத்துச் சொல்கிறேன்: இந்த முறை முழுக்கப் பார்ப்பவரின் கண்ணை நம்பியது. தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் செவிலியரின் கண்ணும், வருடத்தில் நாலு நாள் முகாமில் பார்ப்பவரின் கண்ணும் ஒன்றாக இருக்காது. வயதும் ஒரு காரணம். மாதவிலக்கு நின்ற பிறகு, மாற்றம் நடக்கும் இடமே கர்ப்பப்பை வாயின் உள்பக்கம் ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஐம்பதைத் தாண்டியவரிடம் “ஒன்றும் இல்லை” என்று சொல்லும்போது எனக்கு முழுத் திருப்தி வருவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே முடிந்த இடத்தில் எல்லாம் எச்.பி.வி. பரிசோதனைக்கு மாறச் சொல்லிவிட்டது. அதில் பெண்ணே தனியாகப் போய்ப் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துத் தரலாம். மேஜை வேண்டாம், திரை வேண்டாம். மலேசியாவில் 2018-லிருந்து ‘ரோஸ்’ என்ற திட்டம் இப்படித்தான் நடக்கிறது, ரிசல்ட் கைப்பேசிக்கே வந்துவிடும்.

ஆனால் நேற்று எழுதியதை இது மாற்றாது. எவ்வளவு நல்ல பரிசோதனையாக இருந்தாலும், பாசிட்டிவ் வந்தவளுக்கு அடுத்து எங்கே, எப்போது, யாரோடு என்று பதில் இல்லாவிட்டால் அந்த ரிசல்ட் அவளுக்குப் பயத்தை மட்டும்தான் கொடுக்கும்.

02.07.2024

இதை எழுதலாமா என்று யோசித்துத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. கிருமி, உடலுறவில் பரவுவது. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு புற்றுநோய்களுக்குக் காரணம். விழிப்புணர்வு என்றால் இதையும் சொல்லத்தானே வேண்டும்? சொன்னால் என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறேன். சந்தேகம் என்று சீட்டு எழுதிக் கொடுத்த ஒரு பெண்ணின் கணவர் மறுநாள் வந்து நின்றார். “இது எப்படி வரும்னு செல்லுல பாத்துட்டேன். யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு கேட்டு எழுதிக் குடுங்க” என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அவரை உட்கார வைத்துப் பேசினேன். உடலுறவு இருக்கும் பெரும்பாலான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தக் கிருமி வந்து போகும். அநேகமாக ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிவிடும். எப்போது வந்தது, இருபது வருடம் முன்பா என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆணின் உடம்பிலிருந்துதான் பெரும்பாலும் பெண்ணுக்கு வருகிறது, ஆணுக்கோ எந்த அடையாளமும் தெரியாது. கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். கால்போஸ்கோபிக்கு அவரே அவளை அழைத்துப் போனார். எல்லோரும் இப்படிப் போவதில்லை.

அப்போதிலிருந்து முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டுவதில்லை. “கர்ப்பப்பை வாயில் ரொம்பப் பேருக்கு வரும் கிருமி, சிலருக்குப் புண்ணாக மாறும், இப்போதே பார்த்துவிட்டால் புற்றாக மாறாது” என்கிறேன். கேட்டால் மறைக்கமாட்டேன். இது சரியா என்று எனக்குள்ளேயே இரண்டு பக்கமும் பேச்சு ஓடுகிறது. மறைத்தால் அவளுக்குத் தெரிய வேண்டியதை நான் பிடித்து வைத்துக்கொள்கிறேன். சொன்னால் அந்தச் சொல் வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்பது என் கையில் இல்லை. உங்களில் மருத்துவர்கள் யாராவது எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

03.07.2024

பதில் எழுதிய டாக்டருக்கு நன்றி. கணவன், மனைவி இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, முதல் வாக்கியமே “இது எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது” என்று தொடங்குவாராம். எடுத்துக்கொண்டேன்.

15.07.2024

“பயமுறுத்தினால்தான் வருவார்கள்” என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பயம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். வெள்ளைப்படுதலுக்கும் இடுப்பு வலிக்கும் தனியார் கிளினிக்குக்குப் போன முப்பத்திரண்டு வயதுப் பெண்ணிடம், “விட்டால் கேன்சர் ஆகிவிடும், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், ரெண்டு குழந்தைதான் இருக்கே” என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். திசுப் பரிசோதனை இல்லை, வி.ஐ.ஏ. கூட இல்லை. வெள்ளைப்படுதல் பெரும்பாலும் சாதாரணத் தொற்று, மாத்திரையில் போகும். இப்போது அவளுக்கு எலும்பு வலி, உடம்பெல்லாம் எரிச்சல், தூக்கம் கிடையாது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்பது டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இது ஏதோ ஒரு ஊர்க் கதை இல்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் இளம் வயதிலேயே கர்ப்பப்பையை இழந்தது 2019-ல் நாட்டுக்கே தெரிந்தது. மாதவிலக்கென்று ஒரு நாள் வெட்டாவிட்டால் கூலியில் பிடித்தம். அங்கேயும் மருத்துவர்கள் காட்டிய பூச்சாண்டி புற்றுநோய்தான். நாட்டில் நடக்கும் கர்ப்பப்பை அகற்றங்களில் மூன்றில் இரண்டுக்கு மேல் தனியாரிடம் நடக்கின்றன. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்தில் அமல்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிலக்கு நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ரத்தம், துர்நாற்றத்தோடு ரத்தம் கலந்த கசிவு. இவை இருந்தால் முகாமுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

28.07.2024

வவுனியாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இலங்கையில் 1996-லிருந்து சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதானால் ஊர் மிட்வைஃப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பாப் ஸ்மியர் எடுப்பார்கள், அதாவது கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தேய்த்தெடுத்துப் பார்ப்பார்கள். 2017-லிருந்து ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியும் பள்ளியிலேயே உண்டு. “எங்கட மிட்வைஃப் அம்மாவுக்கு என்ர வயசு எனக்கு முன்னமே தெரியும், முப்பத்தஞ்சு எண்டு மறைக்கேலாது” என்று எழுதியிருக்கிறார். படித்ததும் சிரித்துவிட்டேன். பணக்கார நாடு இல்லை, 2022-ல் மருந்துக்கே தட்டுப்பாடு வந்த நாடு. ஆனாலும் ஒரு பெண்ணின் 35-வது வயதைக் கவனிக்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

நம்மிடமும் ஆள் உண்டு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் பிரஷர் மாத்திரை கொண்டுபோகும் பெண்களுக்குத் தெருவில் யாருக்கு என்ன வயது என்று அத்துப்படி.

இங்கே நூறு நாள் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகாம் நாளில் வேலையிடத்திலிருந்து பெண்களை அழைத்தோம். ஒருவரும் அசையவில்லை. பயம் இல்லை, வெட்கமும் இல்லை. செயலியில் வருகைப் பதிவுக்குக் காலையிலும் பிற்பகலிலும் போட்டோ எடுப்பார்கள், இரண்டாவது போட்டோவில் இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. பணித்தளப் பொறுப்பாளரிடம் பேசி, இரண்டு போட்டோவுக்கும் நடுவில் ஐந்தைந்து பேராக அழைத்துப்போய்த் திருப்பி விடுவதென்று ஏற்பாடு செய்தோம். வந்தார்கள்.

11.08.2024

திண்டுக்கல் ஆய்வில் பரிசோதனை செய்யாமல் விட்ட ஊர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 30,958 பெண்களை வழக்கமான சிகிச்சையோடு விட்டார்கள். அவர்களில் 92 பேர் இந்த நோயில் இறந்தார்கள். மும்பை, உஸ்மானாபாத் ஆய்வுகளிலும் இப்படி ஒரு குழு உண்டு. பாப் ஸ்மியர் பயனுள்ளது என்று உலகத்துக்குத் தெரிந்த பிறகு ஒரு குழுவை அப்படி விட்டது அறமா என்று அமெரிக்காவில் புகாரே போனது. அந்தக் காலத்தில் அந்த ஊர்களில் பரிசோதனையே வழக்கத்தில் இல்லை, புதிதாக எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் தரப்பு.

என் மனம் இதில் சமாதானம் ஆவதில்லை. என் உறவுக்காரப் பெண்கள் இரண்டு வகை ஊர்களிலும் இருந்தார்கள்.

மும்பை ஆய்வில் ஒன்றைக் கவனியுங்கள், நம் தலைப்புக்கு நேராக வருகிறது. குடிசைப் பகுதிப் பெண்களில் ஒரு பாதிக்குப் புற்றுநோய் பற்றிய கல்வி ஒரு தடவை மட்டும். மறுபாதிக்குக் கல்வியோடு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, நான்கு சுற்று வினிகர் பரிசோதனை. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள். பன்னிரண்டு வருட முடிவில் பரிசோதனை கிடைத்தவர்களிடம் இறப்பு 31 சதவீதம் குறைவு. விழிப்புணர்வு மட்டும் கிடைத்தவர்களுக்குத் தெரிந்தது, ஆனால் பார்க்க ஆள் இல்லை.

16.03.2025

நெடுநாள் கழித்து வருகிறேன். 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக எச்.பி.வி. தடுப்பூசி என்று மாநில பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்திருக்கிறார்கள். எத்தனை நாள் காத்திருந்தோம்! ருவாண்டா 2011-லேயே தொடங்கி, முதல் வருடமே பத்தில் ஒன்பது சிறுமிகளுக்கு மேல் போட்டுவிட்டது.

“கம்மத்தில் பிள்ளைகள் இறந்தார்களே” என்று இப்போதே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சோதனை முயற்சியாகப் போட்டார்கள். சில சிறுமிகள் இறந்ததால் 2010-ல் நிறுத்தினார்கள். அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் தெரியவரவில்லை. ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அது பெரிய தப்பு. அம்மாக்கள் கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள், பாதியை மறைத்தால் மீதியையும் நம்பமாட்டார்கள்.

அதே 2010-ல் நாட்டின் பல இடங்களில், அம்பிளிக்கையிலும்கூட, நடந்துகொண்டிருந்த வேறொரு தடுப்பூசி ஆய்வும் நின்றது. அதனால் பல சிறுமிகளுக்கு ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனது. ஆய்வாளர்கள் அவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு ஊசியே கிட்டத்தட்ட முழுப் பாதுகாப்பைத் தருவது தெரிந்தது. ஒரு டோஸ் போதும் என்று உலகம் இன்று சொல்வதற்கு அந்தப் பிள்ளைகளும் ஒரு காரணம்.

எனக்கு ஒரு யோசனை உண்டு, இங்கே இருக்கும் ஆசிரியர்களும் செவிலியர்களும் பதில் சொல்லுங்கள். தடுப்பூசி மகளுக்கு. அம்மாவுக்கு அது கடந்துபோன வயது, அவளுக்குப் பரிசோதனைதான். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அந்த அம்மாவைப் பள்ளிக்கு வரவழையுங்கள், படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். அநேகமாக அவளுக்கு முப்பத்தைந்து, நாற்பது இருக்கும். படிவத்தின் அடியிலேயே அவள் வயதும், பரிசோதனைக்கு வரும் நாளும் எழுத இரண்டு வரி போதும். பள்ளிக்குப் பக்கத்தில் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, வாரத்தில் ஒரு நாள். சந்தேகம் வந்தால் அன்றைக்கே சிகிச்சை கொடுக்க வட்டார அளவில், மாறிப்போன செல்களைச் சூட்டால் அழிக்கும் ஒரு தெர்மல் கருவி. அது மின்சாரத்தில் ஓடும், கிரையோ மாதிரி கேஸ் சிலிண்டருக்குக் காத்திருக்க வேண்டாம். எங்கள் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வட்டாரத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் படிவத்தின் மாதிரியை இங்கே போடுங்கள்.